சாமி பேர் வரும் இடம்

இந்த ஊரில் சுவரோடு ஓடுகிற சூட்டுக் குழாய்தான் அக்கம்பக்கத்தாரின் வாய். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதற்காகக் கொதிநீர் போகிற இரும்புக் குழாய், கீழ்வீட்டிலிருந்து மேல்வீடு வரைக்கும் ஒரே ஓட்டமாகப் போகும். கீழே யாராவது கரண்டியால் தட்டினால் நம் காதுக்குள் தட்டிய மாதிரி இருக்கும். நான் பாட்டுக் கேட்கத் தொடங்கிய புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, நெற்றிக்கு இட்டு, சின்ன விளக்கை ஏற்றிவைத்துப் பெருமாள் பாட்டுப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் குழாய் டொக் டொக் என்றது. நான் கப்பல் பட்டறையில் பைப் ஃபிட்டர். குழாயைப் பற்றி எனக்குத் தெரியாததா, சூட்டில் விரிகிறது போல என்று நினைத்துக்கொண்டு, அந்தச் சத்தம் பாட்டைக் கெடுக்கிறதே என்று பாட்டை இன்னும் கூட்டிவைத்தேன். பிறகு கதவு மணி அடித்தது. கீழ்வீட்டு ஹலினா அம்மா நின்றார். எழுபது வயது இருக்கும், தனியாள். கையிலிருந்த போனில் அவர் மொழியில் எதையோ சொல்ல, போன் அதைத் தமிழாக்கி என்னிடம் கேட்டது: அந்த மனிதருக்கு உடம்புக்கு என்ன செய்கிறது? என்னைத்தான் கேட்கிறார் என்று எண்ணி, நல்லா இருக்கேன், சாப்பிட்டாச்சு என்றேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். பாடிக்கொண்டிருந்த வித்வான் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றி உருகிக்கொண்டிருந்தார். யாரோ வலியில் கிடக்கிறார்கள் என்று அந்த அம்மா பயந்து வந்திருக்கிறார் என்பது பிறகுதான் விளங்கியது.

நான் இருப்பது போலந்து நாட்டின் வடக்குக் கரையில் ஒரு துறைமுக ஊர். சொந்த ஊர் திருப்புல்லாணிக்கும் கடலுக்கும் நடுவே, பேர் சொன்னால் பக்கத்து ஊர்க்காரரே கொஞ்சம் யோசிக்கிற அளவுக்குச் சின்னது. மிளகாயும், மழையை நம்பிப் போடுகிற நெல்லும்தான் வெள்ளாமை. அங்கே பாட்டை யாரும் வைத்திருக்க வேண்டியதில்லை. மார்கழி என்றால் கோவில் ஒலிபெருக்கி பாடும், காதுகுத்து என்றால் பந்தல் ஒலிபெருக்கி பாடும். கேட்கிறோமா இல்லையா என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை. காற்று மாதிரி அது பாட்டுக்கு வரும், போகும். இங்கே ஒரு வீட்டுச் சத்தம் அடுத்த வீட்டுக்குப் போகக்கூடாது. அதனால் பாட்டு வேண்டுமென்றால் நாமே வாங்கி, வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு கேட்க வேண்டும். வெளிநாடு வந்திருக்கிற உங்களுக்கு இது புதிதாக இருக்காது. ஊரில் சும்மா கிடைத்ததையெல்லாம் இங்கே சேர்த்து வைக்கவேண்டியிருக்கிறது, கருவேப்பிலையிலிருந்து.

ஆனால் கீர்த்தனை சீடிகளை நான் சேர்க்கத் தொடங்கியது ஊர் நினைப்பில் அல்ல. எல்லாம் என் மகள் பவித்ராவால் வந்தது. அப்போது ராமநாதபுரத்தில் இசைப்பள்ளியில் வாய்ப்பாட்டு படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வகையறாவில் பாட்டுப் படித்தவர் யாரும் கிடையாது. பாட்டுப் படிச்சு எந்த ஆபீசுல உக்காரப் போகுது என்று பங்காளிகள் கேட்டார்கள். என் அண்ணன் ஒருவர்தான், புள்ள ஆசப்படுது, படிக்கட்டும் என்று சொல்லி, கடைசி பஸ்ஸில் வருகிறவளை ரோட்டிலிருந்து டிவிஎஸ்ஸில் ஏற்றிவந்து வீட்டில் விடுவார். அவளும் பாடிப் பாடி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். நானும் ஒவ்வொன்றுக்கும் சூப்பர் என்று போடுவேன். ஒருநாள் கூப்பிட்டாள்.

"அய்யா, நேத்து அனுப்புனதுல ரெண்டு எடத்துல சுருதி விட்டுட்டேன். அதுக்கும் சூப்பர்ங்கிறீக."

எனக்கு எப்புடிம்மா தெரியும் என்றேன். அவள் கோபப்படவில்லை. சரிய்யா என்று சொல்லி வைத்துவிட்டாள். அதன்பிறகு பாட்டு வருவது குறைந்துபோனது. காசு அனுப்புகிற அப்பன்மாருக்கு இந்த வலி தெரியும். பிள்ளை என்ன சாப்பிட்டது என்று கேட்கலாம், பரீட்சை எப்போது என்று கேட்கலாம். அதற்குப் பிறகு போனில் காற்றுச் சத்தம்தான். அவள் போகிற பாதையில் நானும் கொஞ்ச தூரமாவது நடந்தால்தான் பேச்சு இருக்கும் என்று தோன்றியது. கேட்டுப் பழகுவோம் என்று தொடங்கினேன்.

போனிலேயே எல்லாம் கிடக்கிறதே என்பீர்கள். கிடக்கிறதுதான். எனக்கு மனசு ஒப்பவில்லை. கக்கூசுக்கும் சட்டைப்பையோடு வருகிற சாமான் அது. அதில் பெருமாள் பாட்டைக் கேட்க எனக்கு வரவில்லை. அதோடு, பாதிக் கீர்த்தனையில் பற்பசை விளம்பரம் வேறு குறுக்கே வரும். என் அறைத் தோழர் நூர்தீன் கீழக்கரைக்காரர், பட்டறையில் வெல்டர். நாங்கள் மச்சான் முறை வைத்துத்தான் பேசிக்கொள்வோம். அவர் ஒரு பழைய சாமான் கடையில் சீடி போடுகிற பெட்டி ஒன்றைப் பார்த்து வாங்கிவந்தார். லீவில் ஊருக்குப் போனபோது ராமேஸ்வரம் கோவில் தெருக் கடைகளில் அலைந்து, தூசி படிந்து கிடந்த சீடிகளையெல்லாம் எனக்காக அள்ளிக்கொண்டும் வந்தார். அவர் பயணப் பெட்டியைத் திறந்தால் கருவாட்டு வாடை. பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே சாமி பாட்டை அடுக்கியிருக்கிறார். என்ன மச்சான் இப்படிப் பண்ணிட்டீரு என்று தலையில் கைவைத்தேன்.

"உங்க பெருமாளே ஒரு தடவ மீனாத்தான வந்தாரு மச்சான். அவருக்குக் கோவம் வராது, உமக்குத்தான் வரும்."

மஞ்சள் தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு உறையையும் துடைத்தேன். துடைத்து, சாமிவாரியாக அடுக்கினேன். பெருமாள், சிவன், முருகன், அம்மன். பாடினது யார், என்ன ராகம் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. யாரைப் பாடினது என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. விளக்கேற்றித்தான் போடுவேன். போட்டதைப் பாதியில் நிறுத்தமாட்டேன், பூசையைப் பாதியில் நிறுத்துவோமா? மீன் குழம்பு கொதிக்கும்போது போடமாட்டேன். பட்டறையில் கப்பல் வயிற்றுக்குள் நாளெல்லாம் குனிந்து கிடந்துவிட்டு வருகிறவனுக்கு, இந்த நியமங்களோடு பாட்டுக் கேட்கிற நேரம் ஞாயிற்றுக்கிழமைதான். பாதி நாள் உட்கார்ந்தபடியே தூங்கியும் போவேன்.

ஒரு சீடி மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. பாடுகிற அம்மா பாட்டைத் தொடங்கவே இல்லை. ஆ என்றும் தரி என்றும் இழுத்துக்கொண்டே போகிறார், ஒரு சாமி பேரும் வரக் காணோம். நிறுத்தவும் கூடாது, என்ன செய்ய? பவித்ராவிடம் குறைப்பட்டேன். அவள் சிரித்த சிரிப்பு ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்டது. அய்யா, அதுதான் ராகம், பைரவி, அங்கனதான் பாடுறவகளோட கெட்டிக்காரத்தனமே இருக்கு என்றாள். சாமி இல்லாம என்னம்மா சங்கீதம் என்றேன். மறுபடி கேளுங்க என்றாள். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பேசினோம். இந்த வாரம் என்ன கேட்டீக என்பாள். நான் பெருமாள் பாட்டு என்பேன். பாடுனது யாருய்யா என்பாள். உறையில் கண்ணாடி போட்ட ஆள் என்பேன். அவளே கண்டுபிடித்துச் சொல்வாள். எனக்கு ராகம் ஒன்றும் பிடிபடவில்லை. பேச்சு மட்டும் பிடிபட்டது. அது போதும் என்றிருந்தேன்.

ஹலினா அம்மாவும் நாளாவட்டத்தில் பழகிவிட்டார். ஒருநாள் மாடியேறி வந்து என் அடுக்கைப் பார்த்து, முஸிக்கா க்ளாசிச்னா என்று விரலால் தொட்டுச் சொன்னார். அவர்கள் பாஷையில் சாஸ்திரிய சங்கீதம். அடுத்த வாரம் ஒரு அட்டைப்பெட்டி நிறைய அவர் வீட்டுச் சீடிகளைக் கொண்டுவந்து தந்தார். எல்லாம் பியானோ. இது எந்த சாமிக்கு என்று போன் வழியாகக் கேட்டேன். அவர் கொஞ்சம் திகைத்து, சாமிக்கில்லை, மனிதருக்கு என்றார். வாங்கிக்கொண்டேன். கொடுத்ததை வேண்டாம் என்பது மரியாதை இல்லை. சாமி அடுக்கோடு சேர்க்காமல், கீழ்த்தட்டில் தனியாக ஒரு துண்டை விரித்து வைத்தேன்.

போன தை மாதத்துக்குப் பிறகு, மிளகாய்ப் பழம் பறிக்கிற நேரத்தில், என் அண்ணன் வயலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. இந்த நாட்டில் தங்குவதற்கான என் அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது. நாட்டை விட்டுப் போனால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள். அண்ணனை எடுத்ததைப் போனில்தான் பார்த்தேன். யாரோ ஒருவர் கையில் பிடித்துக் காட்டினார், படம் ஆடிக்கொண்டே இருந்தது. சங்குச் சத்தம் விட்டுவிட்டு வந்தது. ஒரு கட்டத்தில் அவர் போனை அணைக்காமலே சட்டைப்பையில் வைத்துவிட்டார் போல, கொஞ்ச நேரம் கறுப்பாக இருந்தது. நான் அந்தக் கறுப்பையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. வரவில்லையே என்பதுதான் பாரமாக இருந்தது. அறைக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். நூர்தீன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எழவுக்காரன் அடுப்புப் பத்தவைக்கக் கூடாது மச்சான். நான் இருக்கேன்ல."

கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். கடல் தாண்டி இருக்கிறவனுக்குத் தீட்டு உண்டா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கூடப்பிறந்தவருக்கு இல்லாமல் வேறு யாருக்கு? விளக்கை எடுத்து வைத்தேன். வேட்டி ஒன்றை எடுத்துப் பாட்டு அடுக்கை மூடினேன். பதினாறு முடிகிற வரைக்கும் கோவில் இல்லை, பூசை இல்லை, சாமி பேர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டினார் ஹலினா அம்மா. சத்தம் ஏன் இல்லை என்று கேட்க வந்திருக்கிறார். முன்பு சத்தம் கேட்டுக் குழாயைத் தட்டினவர்தான். பிராத் என்றேன், சகோதரன் என்று அர்த்தம், எனக்குத் தெரிந்த சில சொற்களில் ஒன்று. கையை விரித்துக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, மூடிக்கிடந்த அடுக்கைப் பார்த்தார், கீழ்த்தட்டில் மூடாமல் இருந்த தன் பெட்டியையும் பார்த்தார். ஒன்றை எடுத்து, போடட்டுமா என்று சைகையில் கேட்டார். நான் யோசித்தேன். அதில் எந்தப் பேரும் இல்லை. போடுங்கள் என்று தலையசைத்தேன். முடிகிறவரைக்கும் இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டோம். எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருந்தது.

அன்று மத்தியானமே செல்வி கூப்பிட்டாள். செல்வி என் மனைவி. பவித்ராவுக்கு மதுரையில் இசைக் கல்லூரியில் சேருவதற்கான பாட்டுத் தேர்வு, சரியாகப் பதினாறுக்குள் விழுந்திருக்கிறது. தேதியை மாற்றித் தரமாட்டார்களாம். பவித்ராவால் வீட்டில் பாடிப் பழக வாயைத் திறக்கவே முடியவில்லை. எழவு வீட்டில் பாட்டுச் சத்தமா என்று ஊர் பேசும். தீட்டோடு போய் ராமர் பேரையும் முருகன் பேரையும் சொல்லிப் பாடினால் அது வேறு குற்றம். இந்த வருசம் விட்டால் அடுத்த வருசம் என்று பங்காளிகள் சுலபமாகச் சொல்கிறார்கள். அடுத்த வருசம் என்றால் மாப்பிள்ளை பார்ப்பார்கள் என்பது செல்விக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"இங்கன எல்லாரும் என் மொகத்தப் பாக்குறாக. நீங்களே ஒரு சொல்லு சொல்லிருங்க," என்றாள்.

இத்தனை தூரத்தில் இருக்கிறவனுக்கு அந்த வீட்டில் உள்ள அதிகாரம் ஒரு சொல்தான். சாணி அள்ள, தண்ணி எடுக்க, பிணம் தூக்க உதவமாட்டோம். சொல்லை மட்டும் அனுப்புவோம். அது சரியாகவும் இருக்கவேண்டும், சாமிக்கும் பொருந்தவேண்டும், செத்துப்போன அண்ணனுக்கும் பொருந்தவேண்டும். எனக்கு அன்று இருந்த அலுப்பில் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. பியானோ ஓடி முடிந்து, சீடிப் பெட்டியில் பச்சை எழுத்து மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பவித்ராவிடம் போனைக் கொடு என்றேன்.

"அம்மா, அந்த ஆ ஊன்னு இழுக்குறது இருக்குல்ல, பைரவி. அதுல சாமி பேர் வராதுல்ல?"

"வராதுய்யா."

"சரிகம?"

"சரிகமவுல ஏதுய்யா சாமி."

"அப்ப அதப் பாடு. பேர் இல்லாதது தீட்டுல படாது. வீட்டுல வேணாம், கம்மாக்கரைக்குப் போயிப் பாடு. பெரியய்யா இருந்தா அவரே வண்டில கூட்டிப் போயி விட்டிருப்பாரு. பரீட்சைக்கும் போ. யாரு கேட்டாலும் அய்யா சொன்னாருன்னு சொல்லு."

சாஸ்திரத்தில் இப்படி உண்டா என்று எனக்குத் தெரியாது. பத்தாவது படித்து, ஐடிஐ முடித்த ஆள் நான். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோவில் ஐயங்காரைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. அந்த நேரத்துக்குப் பெருமாள் என் வாயில் வைத்த சொல் அது என்று நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். பங்காளிகளுக்குப் பிடிக்கவில்லை. கம்மாய்க்கரையில் பொட்டப்பிள்ளை ஊளையிடுது என்று ஒருவர் சொன்னதாகச் செல்வி சொன்னாள். அண்ணன் பெண்சாதி மட்டும், தாலி இறக்காத அந்த நிலையிலும், அவ சத்தம் கேட்டா எனக்கு ஆறுதலாத்தான் இருக்கு, பாடட்டும் என்றாராம்.

தேர்வு நாளன்று நான் வேலைக்குப் போகவில்லை. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் பவித்ரா கூப்பிட்டாள். பின்னால் மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்து இரைச்சல்.

"அய்யா, ராகம் பாடுனேன், கேட்டுக்கிட்டே இருந்தாக. அப்புறம் கீர்த்தனை ஒண்ணு பாடச் சொல்லிட்டாக."

இதை நான் யோசிக்கவே இல்லை. கல்லூரித் தேர்வில் கீர்த்தனை கேட்காமல் விடுவார்களா என்று யோசிக்கத் தெரியாதவன், இங்கிருந்துகொண்டு சட்டம் சொல்லியிருக்கிறேன். ராமர் பாட்டா என்று கேட்டேன்.

"ஆமா. பாடுனேன். ஆனா சாமி பேர் வர்ற எடத்துல பேரச் சொல்லலய்யா. அந்த எடத்துக்கு மட்டும் ஆன்னு ராகத்த விட்டுட்டு, அடுத்த சொல்லப் புடிச்சுக்கிட்டேன். தாளம் தப்பல."

சாகித்தியம் மறந்துபோச்சா என்று தேர்வு எடுத்தவர்களில் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்ல சார், எங்க பெரியய்யா தவறி இன்னும் பதினாறு கழியல, நான் பேரச் சொல்லக்கூடாது என்றிருக்கிறாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தாராம். நடுவில் இருந்த அம்மா அவரைக் கையமர்த்திவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி பாடச் சொல்லிக் கேட்டாராம்.

யாரும்மா உனக்கு இப்படிப் பாடச் சொல்லிக் கொடுத்தது என்றேன்.

"நீங்கதானய்யா சொன்னீக."

எனக்குப் பாடிக் காட்டு என்றேன். பஸ் நிலையத்தில் ஒரு தூணோரமாக ஒதுங்கி நின்று மெதுவாகப் பாடினாள். எனக்குத் தெரிந்த பாட்டுத்தான், என் அடுக்கில் நாலைந்து பேர் பாடியது இருக்கிறது. பேர் வரவேண்டிய இடம் வந்தது. பேர் வரவில்லை. அவள் குரல் மட்டும் அந்த இடத்தைச் சுற்றிப் போய், அந்தப்பக்கம் இறங்கியது. அங்கேதான் எனக்கு அண்ணன் போனது தெரிந்தது. இருந்த ஆள் இல்லை என்பது. இரவு வேலை முடித்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த நூர்தீன் எழுந்து வந்து தோளில் கைவைத்தார். போனை வைக்காமல் அழுதேன். அவளும் அங்கே பாட்டை விட்டுவிட்டு அழுதாள்.

அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. மதுரையில் விடுதியில் இருக்கிறாள். விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை என்கிறாள், ஊருக்குப் போனால் ரெண்டு நாளில் திரும்பவேண்டும் போல இருக்கிறது என்கிறாள். அங்கேயும் ஒட்டாமல் இங்கேயும் ஒட்டாமல் இருக்கிற நம் பாடு அவளுக்கும் தொடங்கிவிட்டது. வீட்டில் செல்வி தனியாக இருக்கிறாள். பதினாறு கழிந்து நான் வேட்டியை எடுத்து உதறி மடித்தேன், விளக்கேற்றினேன், பாட்டும் போட்டேன். எல்லாரும் பேரை முழுசாகச் சொல்லித்தான் பாடுகிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறது.

போன வாரம் கப்பல் மேல்தட்டில் வேலை. கடல் காற்று சட்டைக்குள் புகுந்து எலும்பைத் தொடுகிறது. நான் குழாயின் ஒரு முனையைப் பிடித்திருக்க, எதிர்ப்பக்கம் மாரெக் என்கிற போலந்துக்காரர் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். என்னை அறியாமல் பவித்ரா பாடிய அந்த ராமர் கீர்த்தனையை முணுமுணுத்திருக்கிறேன். பேர் வருகிற இடத்தில் வாய் திறந்தது, பதினாறு எப்போதோ கழிந்தும் சொல் வரவில்லை. வெள்ளையாக மூச்சு மட்டும் வந்தது. நான் அவரிடம்தான் ஏதோ சொல்ல வருகிறேன் என்று மாரெக் ஸ்பேனரை நிறுத்திவிட்டு, என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று அவர் மொழியில் சொன்னேன். அவர் மறுபடி முடுக்கத் தொடங்கினார். அந்த மூச்சு கப்பல் விளிம்பைத் தாண்டி, தண்ணீர்ப் பக்கமாகக் கொஞ்ச தூரம் போய்க் கலைந்தது. பேர் உள்ளேயே நின்றுவிட்டது.